ஹாஸ்டலில் மூன்று ராத்திரி, ஒருவரிடமும் பேசவில்லை. வியட்நாமிலாவது பழக வழி சொல்லுங்க

கோபி வாய்க்கால்காரன்:

வணக்கமுங்க. சொந்த ஊர் கோபி பக்கம், வேலை சரவணம்பட்டியில், வயது 27. போன வருடம் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போனேன், கோலாலம்பூர். ஹோட்டல் ரூம் எடுத்தால் கட்டுப்படியாகாது, அதோடு ஹாஸ்டலில் தங்கினால் நாலு நாட்டு ஆட்களோடு பழகலாம் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று, எட்டுப் பேர் படுக்கிற டார்மில் ஒரு கட்டில் பதிவு செய்தேன். (ஹாஸ்டல் என்றதும் அம்மா "மறுபடியும் படிக்கப் போறயா கண்ணு" என்று கேட்டது தனிக்கதை.)

மூன்று ராத்திரி இருந்தேன். ரிசப்ஷனைக் கழித்துவிட்டால் நான் பேசிய ஒரே வார்த்தை "சாரி". அதுவும் ஒருவர் வழியில் கிடந்த என் பையை நகர்த்தச் சொன்னபோது. சாயங்காலம் ஆனால் கீழே பொது அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் மேல்கட்டிலில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் தைரியம் வந்து தண்ணீர் பிடிக்கிற சாக்கில் இறங்கிப் போனேன், பாட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்தது, பாதியை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டு அப்படியே மேலே ஏறி வந்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வருகிற அக்டோபரில் வியட்நாம் போகிறேன். ஈ-விசா 25 டாலர் கட்டி வாங்கியாயிற்று. ஹனோயில் நாலு நாள், அப்புறம் வடக்கே ஹா ஜியாங் மலைப்பக்கம். இந்த முறையும் ஹாஸ்டல்தான். பிரச்சினை என்னவென்றால் நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் ஆபீஸில் மெயில் எழுதுகிற அளவுக்கு வரும், அரட்டை அடிக்க வராது. குடிப்பதில்லை. சைவம். இது மூன்றும் சேர்ந்தால் ஹாஸ்டல் நமக்கு ஆகவே ஆகாதா, இல்லை ஏதாவது வழி இருக்கிறதா? போய்ப் பழகியவர்கள் சொல்லுங்க.


பனியன் கம்பெனி, திருப்பூர்:

தம்பி, பாதித் தப்பு உங்கள் மேல் இல்லை, எடுத்த இடத்தின் மேல். ஹாஸ்டலில் ரகம் இருக்கிறது. கட்டிலுக்குக் கட்டில் பெட்டி மாதிரி அடைத்து, திரை, விளக்கு, சார்ஜர் எல்லாம் உள்ளேயே கொடுத்திருப்பார்கள், அது தூங்குவதற்கென்றே கட்டியது, அங்கே யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். இன்னொன்று கட்டில் சுமாராக இருக்கும், ஆனால் கீழே நீளமாக ஒரு மேசை கிடக்கும், அடுப்படி இருக்கும். புக் செய்யும்போது போட்டோவில் கட்டிலைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள். ரிவ்யூவில் தனியாகப் போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் படியுங்கள், ஜோடியாகப் போனவர்கள் எழுதியது நமக்கு உதவாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. பையர் மீட்டிங் ஒன்றுக்கு ஜெர்மனி போனபோது வேலை நாட்களுக்குக் கம்பெனி ஹோட்டல், சனி ஞாயிறு என் சொந்தச் செலவு, அதனால் பெர்லினில் ஒரு ஹாஸ்டல். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடுவார்கள். விஷயம் தெரிந்து சனிக்கிழமையே ஒரு துருக்கிக்காரர் கடையில் அரிசி, மைசூர் பருப்பு, பூண்டு, வரமிளகாய் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டேன். துவரம்பருப்புக்குப் பதில் மைசூர் பருப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், ருசி கொஞ்சம் மாறும், பரவாயில்லை. நம்மூர் அரிசிம்பருப்புச் சாதம் மாதிரி பயணத்துக்கு ஏற்ற சமையல் கிடையாது, ஒரே பாத்திரம், தாளித்து எல்லாவற்றையும் கொட்டி மூடினால் முடிந்தது.

ஞாயிறு சாயங்காலம் அடுப்படியில் ஆறேழு பேர் நின்று பாஸ்தா வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணெய் காயவைத்து மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். இன்டக்‌ஷன் அடுப்பு, சூடு தெரியாமல் ஒன்பதில் வைத்திருந்தேன் போல, மிளகாய் கருகி நெடி ஏறி, அடுப்படி முழுக்க இருமல். ஒரு கொரியாக்காரப் பையன் கண்ணில் தண்ணீர் வழிய ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். மானம் போய்விட்டது என்று நினைத்தேன். அதே பையன்தான் அஞ்சு நிமிஷம் கழித்து வந்து "இது என்ன, வாசனை நன்றாக இருக்கிறதே" என்றான். அளவு தெரியாமல் அரைக்கிலோ அரிசி போட்டிருந்தேன், கடைசியில் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு பிரேசில் பெண் செய்முறை எழுதிக் கேட்டது.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்ற அயர்லாந்துப் பையனுடைய டிசர்ட்டின் கழுத்துப்பட்டியில் "மேட் இன் இந்தியா" தெரிந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, கேட்டுவிட்டு அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், சிங்கிள் ஜெர்சி பின்னல், துணி எடை 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) இருக்கும், பக்கத் தையல் சுத்தமாக இருந்தது. இந்தியாவிலிருந்து போகிற பின்னலாடையில் பாதிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்துதான் போகிறது, இதுவும் எங்கள் பக்கத்து வீதியில் தைத்ததாக இருக்கலாம் என்றேன். அவன் டிசர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் நூல் எங்கிருந்து வருகிறது, சாயப்பட்டறைத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள், தைக்கிறவருக்கு என்ன கூலி என்று கேள்வி மேல் கேள்வி, ராத்திரி ஒரு மணி. கூலிக் கேள்விக்கு நான் கொஞ்சம் திணறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் என் இங்கிலீஷ் சுமார்தான். அந்தக் கொரியாக்காரன் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். அங்கே முக்கால்வாசிப் பேருக்கு அது சொந்த மொழி இல்லை தம்பி, பரீட்சை எழுதவா போகிறோம்.


ஆனைமலைக் காத்து, பொள்ளாச்சி:

பனியன் கம்பெனி அண்ணா சொன்ன கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஹனோயில் அது நடக்காது. நான் தங்கிய இரண்டு ஹாஸ்டலிலும் அடுப்படியே இல்லை, ரோட்டில் சாப்பாடு அத்தனை மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு வைக்கிறார்கள். அரிசியும் பருப்பும் தூக்கிக்கொண்டு போகாதே தம்பி.

சாப்பாட்டுக்கு வேறு வழி. கடைப் பலகையில் "சாய்" என்று படிக்கிற மாதிரி ஒரு வார்த்தை இருக்கும், டீக்கடை என்று நினைத்துவிடாதே, அங்கே சாய் என்றால் சைவம். நம் வீட்டில் அமாவாசைக்கு விரதம் இருப்பது மாதிரி அங்கேயும் சந்திரக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள், அதனால் சைவம் என்றால் அவர்களுக்குப் புரியும். மற்ற கடைகளில் காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், கேட்டுக்கொள். சாயங்காலம் பொது அறையில் "சைவக் கடை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், யாராவது வருகிறீர்களா" என்று கேட்டால் ஒருத்தராவது எழுந்து வருவார், வெளிநாட்டுக்காரர்களில் அசைவம் விட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பழைய ஹனோயின் குறுகலான வீதிகளில், நடைபாதையில் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அந்த ஸ்டூலில் முட்டி இடிக்க உட்கார்ந்தபின் யாராலும் பேசாமல் இருக்க முடியாது.

காலையில் நடத்துகிற வாக்கிங் டூர் போ. இலவசம் என்று போட்டிருக்கும், கடைசியில் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், கொடு. பத்துப் பேர் ஒரே பக்கம் மூன்று மணி நேரம் நடக்கும்போது பேச்சு தானாக வரும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டி விடாமல் ரோட்டை அடைத்துவிடுவார்கள், முடிந்தால் அந்த நாள் வருகிற மாதிரி ஹனோயில் இரு.

அப்புறம் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நான் பெண்கள் டார்மில்தான் தங்குவேன், கீழ்க்கட்டில் கேட்டு வாங்குவேன். அங்கே ராத்திரி பேச்சு வந்தால் பாதி நேரம் எதைப் பற்றித் தெரியுமா, எந்த ஊர் ஆண்கள் எப்படித் தொல்லை கொடுத்தார்கள் என்பதுதான். நம் நாட்டுப் பையன்கள் பெயர் அடிக்கடி வரும், எனக்குத் தலைகுனிவாக இருக்கும். போன உடனே பெண்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பது, இன்ஸ்டா ஐடி கேட்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது, இதெல்லாம் நீ செய்யமாட்டாய் என்று தெரிகிறது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். மேசையில் இருக்கிற எல்லோரிடமும் பேசு. ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

ஊரிலிருந்து தின்பண்டம் கொண்டுபோவதாக இருந்தால் தேன்குழல் கொண்டு போ. கடலை உருண்டை வேண்டாம், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நான் ஒருமுறை டப்பாவைத் திறந்து நீட்டியதும் எதிரே இருந்தவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள், அப்போதுதான் எனக்கே தெரிந்தது.


லாரி பட்டறை, நாமக்கல்:

ஏனுங்க, பேசியே ஆகணும்னு யாருங்க சட்டம் போட்டது. நான் நாலு நாடு போயிருக்கிறேன், ஹாஸ்டலில் தூங்குவேன், காலையில் எழுந்து ஊரைப் பார்ப்பேன், வருவேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை. ரொம்ப ஆசையாக இருந்தால் நாலு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டு போங்க. டார்மில் எட்டுப் பேருக்கு மூன்று பிளக் இருக்கும், அதில் ஒன்று ஆடும். நீங்கள் யாரையும் தேடிப்போக வேண்டாம், அவர்களே வருவார்கள். நம் மூன்று பின் அங்கே எல்லா இடத்திலும் ஏறாது, அடாப்டர் ஒன்றும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்க. அப்புறம் பூட்டு. லாக்கர் கொடுப்பார்கள், பூட்டு நம்முடையது.


ஓய்வுபெற்ற வாத்தியார், சென்னிமலை:

தம்பிக்கு வணக்கம். என் வயது 63, ஹாஸ்டல் பற்றி இந்த ஆள் என்ன சொல்லப்போகிறார் என்று தோன்றும். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், அங்கே போயிருந்தபோது ஆல்டெனா என்கிற சிற்றூருக்குக் கூட்டிப்போனாள். மலைமேல் பழைய கோட்டை, கீழே ஆறு. உலகத்தின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் அந்தக் கோட்டைக்குள்தான் 1912-இல் வந்தது. தொடங்கியவர் ரிச்சர்டு ஷிர்மான் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். 1909-இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போனவர், வழியில் பெருமழை இடி மின்னலில் மாட்டி, ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. நடந்து வருகிற பிள்ளைகளுக்கு ஊருக்கு ஊர் இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றியதாம். இதைப் படித்துவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், ஏனென்றால் நானும் பிள்ளைகளைக் கொடிவேரிக்குக் கூட்டிப்போய் மழையில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறேன். எனக்குத் தோன்றியதெல்லாம் எப்போது மழை விடும் என்பதுதான்.

அன்று ராத்திரி அந்தக் கோட்டை ஹாஸ்டலிலேயே தங்கினோம். என் குறட்டையைப் பற்றி மகள் காலையில் ஒன்றும் சொல்லவில்லை, முகமே சொன்னது. தம்பி, நீங்கள் குறட்டை விடுகிற ஆளாக இருந்தால் முதல்நாளே டார்மில் சொல்லிவிடுங்கள், சிரிப்பார்கள், அதுவே பேச்சுக்குத் தொடக்கம்.

பழகத் தெரியவில்லை என்கிறீர்களே, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்திருக்கிறீர்கள்தானே? முன்பின் தெரியாதவர் காலை நம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் படுப்போம், கொப்புளத்துக்கு ஊசியும் நூலும் யாரிடமோ வாங்குவோம், காலையில் அவர் ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம். அப்போது கூச்சம் வந்ததா? "எந்த ஊருங்க" என்று கேட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். அதே கேள்விதான் அங்கேயும் முதல் கேள்வி. நம்மூரில் அதற்கடுத்து என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், சுற்றி வளைத்து எந்த ஆளுங்க என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்கள். அங்கே அடுத்த கேள்வி "எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள்" என்பதுதான். எனக்கு அது எத்தனை ஆசுவாசமாக இருந்தது என்று இந்த வயதில் சொல்ல வெட்கமாகக்கூட இருக்கிறது.

சம்பளம், கல்யாணம், ஏன் இன்னும் குழந்தை இல்லை, இதெல்லாம் நீங்களும் கேட்காதீர்கள். நான் ஒருவரிடம் கேட்டுவிட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.


கோபி வாய்க்கால்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா, கோபம் ஒன்றும் இல்லை, சொன்னது நல்லதுதான். ஐயா, பழனிக்கு மூன்று முறை நடந்திருக்கிறேன், இப்படி யோசித்ததே இல்லை. இன்னொரு சந்தேகம், ஹா ஜியாங்கில் எல்லோரும் பைக் எடுத்துச் சுற்றுகிறார்களே, நானும் வாடகைக்கு எடுக்கலாமா, இன்டர்நேஷனல் லைசென்ஸ் ஆர்டிஓவில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.


பனியன் கம்பெனி, திருப்பூர்:

போடாதீர்கள், பணம் தண்டம். நம் ஆர்டிஓவில் கொடுப்பது சர்வதேசச் சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஒப்பந்தப்படி உள்ளது, வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 ஒப்பந்தப்படி உள்ளதை. அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, போலீஸ் பிடித்தால் அபராதம், விழுந்து எழுந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். அங்கே ஹாஸ்டல்களே குழுவாகச் சேர்த்து அனுப்புகிறார்கள், உள்ளூர்க்காரர் ஓட்ட நாம் பின்னால் உட்கார்ந்து போகலாம், ஈஸி ரைடர் என்று கேளுங்கள். சொல்லப்போனால் உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். மூன்று நாள் ஒரே கும்பலோடு மலையில் சுற்றி, ஒரே வீட்டில் படுத்து, ஒரே பாயில் சாப்பிட்டால் ஊமைகூடப் பேசிவிடுவான்.


கோபி வாய்க்கால்காரன்:

போன வாரம் திரும்பி வந்தேன். என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

முதல் ராத்திரி பழைய கதைதான். மேசை இருக்கிற ஹாஸ்டலாகப் பார்த்துத்தான் எடுத்தேன், மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஏற்கெனவே கூட்டாளிகள் மாதிரி இருந்தார்கள், நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். அக்கா சொன்ன வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், வாயில் வரவில்லை.

மேலே வந்து போனுக்குச் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர்க்கட்டில் ஆள் கையில் ஒயரோடு வந்து நின்றார். அர்ஜென்டினாக்காரர், பல் டாக்டர். அவருக்கும் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான். அப்புறம் ஒரு டச்சுப் பெண் கேமரா பேட்டரியோடு, இன்னொரு ஆள் ஷேவிங் மிஷினோடு. நாமக்கல் அண்ணா, உங்களுக்குக் கோயில் கட்டலாம். நாலு சாக்கெட்டும் நிறைந்ததும் அஞ்சாவது ஆள் வரிசையில் நிற்கிறார், யாருடையதை முதலில் எடுப்பது என்று பஞ்சாயத்து, நான் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் இங்கிலீஷில் நான் அதிகம் பேசிய இருபது நிமிஷம் அதுதான்.

அடுத்த நாள் பல் டாக்டரே என்னைக் கூட்டிக்கொண்டு சாய் கடைக்கு வந்தார், டோஃபு சாப்பிட்டோம், அப்புறம் முட்டைக் காபி குடிக்கப் போனார், முட்டை ஆகாது என்று நான் கறுப்புக் காபியோடு நிறுத்திக்கொண்டேன். ஹா ஜியாங்குக்கு அவரும் வந்தார். மா பி லெங் கணவாயில் கீழே பச்சைக் கலரில் ஆறு, மேலே மொட்டைப் பாறை, அங்கே வண்டியை நிறுத்தினால் ஒருவரும் பேசவில்லை, பேசாமல் இருப்பதற்கும் கூட ஆள் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி வீட்டுக்காரர் மக்காச்சோளச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். நான் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், எல்லோரும் "மொட், ஹாய், பா, ஸோ" (ஒன்று, இரண்டு, மூன்று, சியர்ஸ்) என்று கத்திக் கிளாஸை முட்டும்போது நானும் கத்தினேன், கிளாஸில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தேன்குழல் டப்பா முதல் சுற்றிலேயே காலி. குறட்டை விஷயம் ஐயா சொன்ன மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஆனால் அங்கே என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார்.

கும்பலில் ஒன்பது பேர், எல்லோரோடும் ஒட்டியது என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் கடைசிவரை என் பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை. டாக்டர் மட்டும் அவ்வப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார், பாதி புரிகிறது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஹனோயிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேனுங்க. ஹா ஜியாங் பஸ் வந்துவிட்டது என்று காலை ஆறு மணிக்கு அவசரமாக ஓடினேன், அதில் அப்போதும் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, பிடுங்க மனசு வரவில்லை.


லாரி பட்டறை, நாமக்கல்:

அடாப்டரும் போச்சா?


கோபி வாய்க்கால்காரன்:

அதுவும்தானுங்க.